தண்ணீருக்குள் மீசை ஆகாது

கடலுக்கு அடியில் போவதற்கு என்னென்ன தடை வரும் என்று நான் முன்கூட்டியே யோசித்து வைத்திருந்தேன். என் கணவருக்கு லீவு கிடைக்காது, விமானத்தில் எனக்குத் தலை சுற்றும், மாமியார் அழுவார், என் டிபன் கடையை யார் பார்ப்பது. எல்லாவற்றுக்கும் ஒரு பதில் தயார். என் கணவருடைய மீசையை மட்டும் நான் யோசிக்கவே இல்லை. யோசித்திருந்தால் இந்தப் பேச்சையே எடுத்திருக்க மாட்டேன்.

விஷயம் வெளியே வந்தது புதுச்சேரியில், ஒரு நீச்சல் குளத்தில். டிசம்பர் மாதம். கார்த்திகை தீபம் முடிந்து எங்கள் திருவண்ணாமலை கொஞ்சம் மூச்சு விட ஆரம்பித்திருந்தது. நாங்கள் இருவரும் முதுகில் காற்று டேங்க்கைக் கட்டிக்கொண்டு குளத்தின் அடியில் மண்டி போட்டு உட்கார்ந்திருந்தோம். எனக்கு எல்லாம் சரியாக வந்தது. என் கணவர் மாறனுக்கு மட்டும் மாஸ்க்குக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது. கண்ணையும் மூக்கையும் சேர்த்து மூடுகிற கண்ணாடி மாஸ்க் அது. மூக்கால் ஊதினால் உள்ளே வந்த தண்ணீர் வெளியே போய்விடும். அவர் ஊதுவார், போகும், மறுபடி நிரம்பும். கடைசியில் இருமிக்கொண்டே எழுந்து நின்றுவிட்டார்.

எங்களுக்குக் கற்றுக்கொடுத்த பெண்ணின் பெயர் கீதாஞ்சலி. என் மகளைவிட நாலைந்து வயசுதான் ஜாஸ்தி இருக்கும். மாஸ்க்கை மாற்றிப் பார்த்தாள், பட்டையை இறுக்கிப் பார்த்தாள், பிறகு அவர் முகத்தையே கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள்.

"அண்ணா, பிரச்சினை மாஸ்க்ல இல்ல. உங்க மீசைல."

மாஸ்க்கின் ரப்பர் ஓரம் மேலுதட்டில் பச்சென்று ஒட்டி உட்கார வேண்டும். நடுவில் முடி இருந்தால் தண்ணீர் அந்த வழியாகப் பூந்துவிடும். லேசான மீசைக்காரர்களுக்கு வாசலின் தடவினால் போதுமாம். என் கணவருடையது லேசான மீசையா? மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டர். மீசையைப் பார்த்தே, கரண்ட் திருடக் கம்பத்தில் கொக்கி போட்டவன் இறங்கி ஓடுவான். அரை டப்பா வாசலினைக் குடித்தும் அது வழிவிடவில்லை.

"எடுத்துட்டு அடுத்த வாரம் வந்துடுங்கண்ணா. மீசைதானே, முளைச்சுடும்" என்றாள்.

மாறன் தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றார். ரொம்ப யோசித்துச் சொன்னார்.

"எங்கப்பா உயிரோட இருக்காரும்மா."

கீதாஞ்சலி என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "ரொம்ப சந்தோஷம்ணா. அவங்களும் டைவிங் வர்றாங்களா?" என்றாள்.

சிரிப்பை அடக்க நான் தண்ணீருக்குள் முழுக வேண்டியதாயிற்று.

பாவம், பட்டணத்துப் பெண், அவளுக்கு எப்படித் தெரியும்? எங்கள் பக்கத்தில் ஆண்பிள்ளை மீசையை முழுசாக வழித்தால் ஒரே அர்த்தம்தான். அப்பன் போய்ச் சேர்ந்துவிட்டான், கொள்ளி வைத்துவிட்டு வந்திருக்கிறான். திருப்பதியில் மொட்டை போட்டாலும் அப்பா இருக்கிறவன் மீசையை விட்டுவிட்டுத்தான் போடுவான். இப்போதைய பையன்கள் இதையெல்லாம் பார்ப்பதில்லை. ஆனால் மாறன் பார்க்கிறவர். என் மாமனார் ராஜேந்திரன் கீழ்பென்னாத்தூரில் உயிரோடு, மல்லாட்டை, அதான் நிலக்கடலை, விதைப்புக்கு ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறார்.

எங்களுக்கு ஏன் இந்த வேண்டாத வேலை என்று கேட்பீர்கள். ஊரே கேட்டது.

செங்கம் ரோட்டில், ரமணாசிரமத்துக்குக் கொஞ்சம் தள்ளி என் டிபன் கடை. எல்லா தேசத்து ஆட்களும் வருவார்கள். காலையில் இட்லி வேகிறதோ இல்லையோ, என் வாய் வெந்துகொண்டே இருக்கும். வேங்கிக்காலில் புது வீடு கட்டிப் போய், மகள் எழில் கோயம்புத்தூருக்குப் படிக்கப் போனபிறகுதான் ஒரு விஷயம் உறைத்தது. வீட்டில் நான் மட்டும்தான் பேசிக்கொண்டிருக்கிறேன். அவர் "ம்" என்பார். "தயிர் இருக்கா" என்பார். கல்யாணமாகி இருபது வருஷம் தாண்டியாச்சு, இதற்கு மேல் சண்டை போடவும் விஷயம் கம்மி.

அப்போதுதான் கல்கத்தாவிலிருந்து ஒரு தம்பதி கடைக்கு வந்தார்கள். அறுபது வயசு இருக்கும் இரண்டு பேருக்கும். அந்தமானில் கடலுக்குள் எடுத்த வீடியோவைப் போனில் காட்டினார்கள். பவளப் பாறை, கூட்டம் கூட்டமாக மஞ்சள் மீன், நடுவில் இவர்கள் இருவரும் கை கோத்துக்கொண்டு. அந்த அம்மா புருஷனைப் பார்த்துக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து வட்டம் காட்டினார். அவரும் அதே மாதிரி காட்டினார். "நல்லா இருக்கியா" என்று கேட்டால் "நல்லா இருக்கேன்" என்று பதில் சொல்ல வேண்டுமாம். கீழே அதுதான் பாஷை. அந்த வீடியோவை வாங்கி ராத்திரி மாறனிடம் காட்டினேன். வழக்கம்போல "ம்" வரும் என்றுதான் நினைத்தேன்.

"போலாம்" என்றார்.

எனக்குக் காது அடைத்துவிட்டது. அதற்கப்புறம் அவர்தான் எல்லாம். எந்தத் தீவு, எந்த மாசம் தண்ணீர் தெளிவாக இருக்கும், ஆழம் போகப் போகக் காற்று எவ்வளவு வேகமாகத் தீரும், எல்லாவற்றையும் படித்து எனக்குப் பாடம் எடுத்தார். பிப்ரவரி என்று முடிவு பண்ணினார். பௌர்ணமி வந்தால் கிரிவலக் கூட்டத்துக்கு மின்வாரியத்தில் ஒருத்தருக்கும் லீவு கிடையாது, என் கடையிலும் அடுப்பு அணையாது. அதனால் பௌர்ணமியைத் தள்ளி வைத்து நாள் பார்த்தோம். பௌர்ணமி, அமாவாசை பக்கத்தில் கடலில் இழுப்பு ஜாஸ்தி, நடு நாட்கள்தான் நல்லது என்று கீதாஞ்சலியும் சொன்னாள். எங்கள் வாழ்க்கையில் முதல் தடவையாக லீவும் நிலாவும் ஒத்துப்போனது.

அந்தத் தீவுப் பக்கம் ஒரு பழைய கப்பலும் மூழ்கிக் கிடக்கிறதாம். மாறனுக்கு மீனைவிட அந்தக் கப்பல்மேல்தான் கண்.

"அதுல போய் என்ன பாக்கப் போறீங்க?" என்றேன்.

"ஒயரிங் எப்படிப் பண்ணியிருக்கான்னு பாக்கணும்."

நல்ல மனுஷன். கடலுக்கடியில் போயும் மின்வாரிய வேலைதான்.

சும்மா சொல்லக் கூடாது, அந்த இரண்டு மாசம் எங்கள் வீட்டில் பேச்சு இருந்தது. சாப்பிட உட்கார்ந்தால் அந்தமான், படுத்தால் அந்தமான். தண்ணீருக்குள் தனியாகப் போகக் கூடாது, ஜோடி ஜோடியாகத்தான் போக வேண்டும் என்பது சட்டம். ஒருத்தர் காற்று தீர்ந்துபோனால் இன்னொருத்தர் தன் டேங்க்கிலிருந்து கொடுக்க வேண்டும், அதற்கென்றே கூடுதலாக ஒரு குழாய் தொங்கும். "நீ எனக்கு ஜோடி" என்று அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். கல்யாணப் பத்திரிகையில்கூட எனக்கு அது அப்படி இனிக்கவில்லை.

அதனால்தான் புதுச்சேரியிலிருந்து திரும்புகிறபோது எனக்கு அவ்வளவு கோபம். திண்டிவனம் தாண்டினோம், செஞ்சி தாண்டினோம், ஒரு வார்த்தை இல்லை. பழைய "ம்" திரும்பி வந்துவிட்டது. அந்த வழியில் வந்தால் கீழ்பென்னாத்தூரில் காரை நிறுத்தி அப்பாவைப் பார்க்காமல் அவர் வந்ததே கிடையாது. அன்றைக்கு நிறுத்தவில்லை. ஊரைத் தாண்டுகிறபோது இடது கையால் மீசையைத் தடவிக்கொண்டே ஓட்டினார்.

விடுவேனா நான்? மறுநாள் காலைக் கூட்டம் ஓய்ந்ததும் அவரைக் கடைக்கு வரவழைத்தேன். சின்னக் கத்தரியால் மூக்குக்குக் கீழே ஓரமாக ஒரு கோடு மட்டும் வெட்டினேன். மீசையை எடுக்கவில்லை, ஓரத்தை ஒதுக்கினேன், அவ்வளவுதான். பொங்கல் வைக்கிற பெரிய அண்டாவில் தண்ணீரை நிரப்பி, கீதாஞ்சலியிடம் வாங்கி வந்திருந்த மாஸ்க்கைப் போட்டு, தலையை உள்ளே விடச் சொன்னேன். விட்டார். கசிந்தது. இன்னும் கொஞ்சம் வெட்டினேன். மறுபடி கசிந்தது. மூலையில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரர் எழுந்து வந்து, இது எந்த ஆசிரமத்துப் பயிற்சி என்று பயபக்தியோடு கேட்டார்.

"மின்வாரியம்" என்று சொல்லி அனுப்பினேன்.

மாறன் துண்டால் முகத்தைத் துடைத்தார். மீசை நடுவில் நசுங்கிப் போய், பார்க்கவே கண்றாவியாக இருந்தது.

"நீ போய்ட்டு வா கவி. கீதாஞ்சலியும் அந்தமான் வருது, உனக்கு ஜோடியா இருக்கும். கேட்டுட்டேன்."

"கேட்டுட்டீங்களா? நல்லா இருக்கே கதை! புருஷன் இங்க மீசையைப் பாத்துக்கட்டும், நான் யாரோ ஒரு பொண்ணு கையைப் புடிச்சிகிட்டு மீன் பாக்கறதா? மீசையா நானான்னு இப்பவே சொல்லிடுங்க."

கோபத்தில் கரண்டியை எறிந்தேன். அது மாவுச் சட்டிக்குள் போய் விழுந்து என் மேலேயே தெறித்தது. வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்போம்.

அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். அப்போதுதான் சொன்னார்.

போன வருஷம் என் மாமனாருக்கு நெஞ்சு வலி வந்து பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்து பைபாஸ் பண்ணினோம். மூன்றாவது நாள் மோசமாகிவிட்டது. டாக்டர்களே கையை விரித்தார்கள். நானும் மாமியாரும் அங்கேயே இருந்தோம். மாற்றுத்துணி எடுத்துவர மாறன் மட்டும் கீழ்பென்னாத்தூருக்குப் போனார். அதற்குள் யாரோ அவசரக்குடுக்கை ஊருக்குப் போன் பண்ணி, முடிந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறார்கள். இவர் போய் இறங்குகிறபோது வாசலில் ஆள் கூடியிருந்ததாம். சலூன் தருமன் பெட்டியோடு வந்து வேப்ப மரத்தடியில் காத்துக்கொண்டிருந்தாராம். சலூனும் அவர்தான், சாவுக் காரியத்துக்கும் அவர்தான்.

"என்னைப் பாத்ததும் எழுந்து நின்னாரு. பெட்டியைத் தொறந்தாரு" என்றார் மாறன். "இன்னும் இல்லண்ணா, போய்ட்டு வாங்கன்னு நான்தான் திருப்பி அனுப்பினேன். ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வந்தா, நைனா கண்ணைத் தொறந்து காபி கேக்கறாரு."

எனக்கு இது எதுவும் தெரியாது. ஒரு வருஷமாக என்னிடம் சொல்லவே இல்லை.

"தினமும் காலைல கண்ணாடி பாக்கறப்ப மீசையைத் தொட்டுப் பாப்பேன் கவி. இருக்கு. அப்ப அவரும் இருக்காருன்னு தோணும். பைத்தியக்காரத்தனம்தான், தெரியுது. ஆனா நானே போய் அதை எடுத்துட்டு வந்து, அந்த வாரத்துல அவருக்கு ஏதாவது ஆச்சுன்னா, அப்புறம் நான் எப்படி இருப்பேன்?"

கரண்டியை எடுத்துக் கழுவினேன். அந்தமானே வேண்டாம், ஒன்றும் குடி முழுகிப் போகாது என்று சொன்னேன். மனசாரத்தான் சொன்னேன். ஆனாலும் பின்னால் போய் வெங்காயம் உரிக்கிற சாக்கில் நன்றாக அழுதேன். அவர்மேல் வருத்தமில்லை. அந்த ஜோடி போயிற்றே என்றுதான் அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமை கீழ்பென்னாத்தூர் போனோம். மாமனார் கூடத்தில் உட்கார்ந்து விதை மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தார். பைபாஸுக்குப் பிறகு உடம்பு பாதியாகிவிட்டது, குரல் மட்டும் அப்படியே இருக்கிறது. மகனை நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னாடா மீசை இது, எலி கடிச்சாப்பல?"

மாறன் "ம்" என்றார். நான் பேசக் கூடாது என்று காரில் வரும்போதே என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். நானும் பேசாமல்தான் இருந்தேன். இரண்டு மல்லாட்டை உடைக்கிற நேரம் இருந்திருப்பேன்.

"கடலுக்குள்ள போறதுக்கு மீசை ஆகாதாம் மாமா. இவரு மாட்டேங்கறாரு. அதனால நாங்க போவல" என்று உளறிவிட்டேன்.

"வாயைக் கழுவுடி மொதல்ல!" சமையலறையிலிருந்து மாமியார் ஜோதியம்மாள் ஓடி வந்தார். "மீசை எடுக்கற பேச்சை இந்த வூட்டுல எடுக்கலாமா? இப்பதான் மனுஷன் பொழைச்சு எழுந்து உக்காந்திருக்காரு. கடலும் வேணாம் ஒண்ணும் வேணாம். மலையைச் சுத்தி வாங்க, போதும்."

"நீ இரு ஜோதி" என்றார் மாமா. என்னைப் பார்த்தார். "எவ்ளோ ஆழம்?"

"நம்ம கெணறு ஆழம் இருக்கும் மாமா. கொஞ்சம் ஜாஸ்தி."

"அங்க இன்னா கீது?"

மீன், பவளப் பாறை, மூழ்கின கப்பல் எல்லாம் சொன்னேன். போனில் வீடியோவையும் காட்டினேன். மல்லாட்டைத் தோலைத் தட்டிவிட்டு வாங்கி, கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். அந்த வட்டம் என்ன என்று கேட்டார். நல்லா இருக்கியா, நல்லா இருக்கேன் என்று விளக்கினேன். முதுகில் இருப்பது என்ன என்றார். காற்று என்றேன்.

"சின்னப்ப நீச்சலுக்கு இவனைக் கெணத்துல எறக்கறப்ப முதுகுல சுரைக்குடுக்கை கட்டி உட்டேன். அது மெதக்கறதுக்கு. நீங்க முழுவறதுக்குக் கட்டறீங்க" என்று சிரித்தார். "தனியா போவக் கூடாதா?"

"ஜோடியாத்தான் மாமா போவணும். எனக்குக் காத்து தீந்துட்டா, கூட இருக்கறவங்க அவங்க காத்தைக் குடுக்கணும்."

"இவன் போவலன்னா உனக்கு யாரு குடுப்பா?"

"அந்த வாத்தியார் பொண்ணு."

மாமா போனைக் கீழே வைத்தார். மகனைப் பார்த்துத் திரும்பினார். குரலை உயர்த்தவே இல்லை.

"பொண்டாட்டிக்கு வேற யாரோ காத்து குடுக்கும். நீ இங்க மீசையைத் தடவிகிட்டு உக்காந்திருப்ப. நல்லாக் கீதுடா."

"நைனா, அது இல்ல..."

"தருமன் வாசல்ல வந்து நின்னானே, அதானே? ஊருக்கே தெரியும், எனக்குத் தெரியாதா? நான் சாவறதுக்கும் உன் மீசைக்கும் இன்னாடா சம்பந்தம்? என் சட்டையை எடு ஜோதி."

அத்தை எடுக்கவில்லை. அவரே எழுந்து போய் எடுத்துப் போட்டுக்கொண்டார். பொத்தானை மேலும் கீழும் மாற்றிப் போட்டுவிட்டார், நான்தான் சரி பண்ணினேன். "காரை எடு" என்றார். முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார். அத்தை "நான் வர மாட்டேன், கண்ணால பாக்க மாட்டேன்" என்று வாசலில் நின்று புலம்பினார். கார் நகர்ந்ததும் ஓடிவந்து பின் சீட்டில் என் பக்கத்தில் ஏறிக்கொண்டார்.

பஸ் நிலையத்துக்கு எதிரில் தருமன் சலூன். ஞாயிற்றுக்கிழமை என்பதால் கூட்டம். மாமா உள்ளே நுழைந்ததும் நாற்காலியில் பாதி முடிவெட்டோடு இருந்தவரே எழுந்து இடம் விட்டார். மாமா மகனைப் பிடித்து அதில் உட்கார வைத்தார்.

"இவன் மீசையை எட்றா தருமா."

தருமன் கையில் இருந்த சீப்பு கீழே விழுந்தது. "யாருக்குண்ணா?" என்றார். உறவில் யார் போனது என்று கேட்கிறார்.

"யாருக்கும் இல்ல. நான்தான் முன்னாடி நிக்கறேனே."

"அண்ணா, விளையாடாதீங்க. நீங்க இருக்கறப்ப நான் எப்படி இவரு மீசைல கத்தி வெப்பேன்? என்னால ஆவாது."

"போன வருஷம் பெட்டியைத் தூக்கிகிட்டு என் வூட்டு வாசல்ல வந்து நின்ன இல்ல?"

தருமன் முகம் வெளுத்துவிட்டது. "தப்பா சேதி வந்துடுச்சுண்ணா. நான் வேணும்னு வரல. சத்தியமா."

"உன்னைக் கொறை சொல்லலடா. அன்னிக்குப் பாதியில உட்ட வேலையை இன்னிக்கு முடி. நான் உக்காந்து பாக்கறேன்."

சொல்லிவிட்டுப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். தருமன் சோப்பு நுரையைக் குழைத்தார். "நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்குங்கண்ணா" என்று கெஞ்சினார். "பாக்கத்தான் வந்தேன்" என்றார் மாமா. மாறன் கண்ணை இறுக மூடிக்கொண்டார். நாற்காலிக் கையைப் பிடித்திருந்த அவர் விரல்மேல் மாமா தன் கையை வைத்தார். அத்தை வாசலிலேயே நின்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, விரல் சந்தில் பார்த்துக்கொண்டிருந்தார்.

கத்தி இரண்டு இழுப்பில் வேலையை முடித்துவிட்டது. தருமன் ஈரத்துண்டால் துடைத்தார்.

அந்த மேலுதட்டை நான் இத்தனை வருஷத்தில் பார்த்ததே இல்லை. வெயில் படாமல் வெள்ளையாக, குழந்தைத்தனமாக இருந்தது. என் புருஷன் யாரோ போல இருந்தார். மாமா எழுந்து வந்து மகனின் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"பத்தாவது படிக்கறப்ப பாத்த மூஞ்சிடா இது" என்றார். குரல் முதல் தடவையாகக் கம்மியது. "புள்ளைங்க இந்த மூஞ்சியோட வந்து நிக்கற அன்னிக்கு எந்த அப்பனும் கண்ணைத் தொறந்து பாத்தது இல்ல. நான் பாத்துட்டேன்."

மாறன் கண்ணைத் திறந்தார். தாடையைப் பிடித்திருந்த அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். நான் வெட்கமில்லாமல் அழுதேன். பாதி முடிவெட்டோடு நின்றிருந்தவரும் அழுதார்.

அந்த நேரம் பார்த்து வாழைப்பழம் விற்கிற அம்மா உள்ளே எட்டிப் பார்த்தார். மீசையில்லாத மாறனைக் கண்டதும் மாரில் அடித்துக்கொண்டார். "ஐயோ, ராஜேந்திரன் அண்ணன் பூட்டாரா? நேத்துகூட சீப்புப் பழம் வாங்கினாரே!"

மாமா தலையை நீட்டினார். "இங்கதான் கீறேன். இன்னிக்கும் ஒரு சீப்பு குடு."

சலூனே சிரித்தது. அத்தைகூட முந்தானையை எடுத்துவிட்டுச் சிரித்தார்.

காரில் என் பையில் மாஸ்க் இருந்தது. சும்மா இருக்க முடியுமா என்னால்? எடுத்து வந்து மாட்டிவிட்டேன். ஓரம் முழுக்க பச்சென்று ஒட்டிக்கொண்டது. தருமன் முடிக்குத் தண்ணீர் அடிக்கிற பாட்டிலை எடுத்து, ஏதோ அபிஷேகம் மாதிரி, முகமெல்லாம் அடித்தார். மாறன் தலையை முன்னும் பின்னும் ஆட்டினார். உள்ளே ஒரு சொட்டு இல்லை.

அவர்களை வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்புகிறபோது மாமா காரின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அத்தை போய் மல்லாட்டை எடுத்துவந்து, வேண்டாம் வேண்டாம் என்றாலும் கேட்காமல் என் மடியில் ஒரு பையை வைத்தார்.

"பத்திரமா போய்ட்டு வாங்க" என்றார் மாமா. "கப்பல்ல கரண்ட் வேலை எப்படிப் பண்ணியிருக்கான்னு வந்து எனக்குச் சொல்லு. மீசை முளைச்சதும் வந்து காட்டு. அதுவரைக்கும் நான் எங்கயும் போவல."

"சரி நைனா" என்றார் மாறன்.

கார் தெரு முனைக்கு வந்தது. மாறன் வண்டியை நிறுத்திவிட்டுக் கண்ணாடி வழியாகத் தலையை வெளியே நீட்டினார். கையை உயர்த்தி, இரண்டு விரலையும் சேர்த்து வட்டம் காட்டினார். மாமா வாசலிலேயே நின்றிருந்தார். முதலில் புரியாமல் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். பிறகு வலது கையைத் தூக்கி, விரல்களை மெதுவாக வளைத்து, அதே வட்டத்தைத் திருப்பிக் காட்டினார்.